வலது கை கொடுக்காத நாய்

என் வீட்டுக்காரர் பாரிசவாதம் வந்து விழுந்து எழும்பிய பிறகு, மனிதர்களுக்கு முன்னால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நாயைப் பற்றிச் சொல்லவந்தவள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இது இல்லாவிட்டால் அந்த நாயை நான் விளக்குமாற்றால் துரத்தியிருப்பேன், கதையும் அதோடு முடிந்திருக்கும்.

அவருக்கு விழுந்தது வலது பக்கம். கால் மெல்ல மெல்லத் திரும்பியது. இழுத்து இழுத்தாவது தண்ணீர் பிடிக்கிற பீலிவரை போய்வருவார். கோணிப்போன வாயும் நேராகி, என்னைத் திட்டுவதற்கு வேண்டிய அளவு பேச்சும் வந்துவிட்டது. கைதான் வரவில்லை. கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அது. வளர்ந்த தேயிலைச் செடியை ஒரே வீச்சில் சாய்த்து, வெட்டு நார் கிழியாமல் இறக்குவதில் அவருக்கு ஈடாக எங்கள் டிவிசனில் ஆளில்லை. அந்தக் கை இப்போது விரல்களைச் சுருட்டிக்கொண்டு மடியில் கிடந்தது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மிஸ் நல்ல பிள்ளை. சிங்களப் பிள்ளை, எங்களுக்கு விளங்க வேண்டுமென்று மெதுவாகப் பேசி, விளங்காததைச் செய்தும் காட்டினாள். வலது கைக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அது சரியாகும்வரை இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகச் சொன்னாள். அங்கே எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து நான் கரண்டியை நீட்டியதும் அது பறந்துபோய்க் கோழிக்கூட்டடியில் விழுந்தது.

"பீச்சாங்கையால தின்னா அது சோறா? கழுவுற கையத் தூக்கி வாயில வைக்கச் சொல்றியா?"

"அப்ப எப்புடித்தான் திங்கப் போறீங்க?"

"நீ ஊட்டு. இல்லாட்டி வேணாம்."

ஊட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டினேன். எங்கள் லயத்தில் எல்லாக் காம்பராவும் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யாராவது உப்புக் கேட்டு வந்து வாசலில் நின்றாலும் போதும், வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அன்றைய சாப்பாடு அவ்வளவுதான். நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற நாட்களில், மூடிவைத்துவிட்டுப் போன பகல் சோறு மூடியபடியே இருக்கும். மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் விழுங்கியிருப்பார். சட்டை தோளில் நிற்காமல் வழியத் தொடங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. நோய் விட்டுவிட்டுப் போன மனிதரை வெட்கம் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுவேன், அழுதால் எனக்குக் கோபம்தான் வரும்.

நாய் மரக்கறி லொறியில் வந்தது. உடப்புசல்லாவைப் பக்கமிருந்து கோவா ஏற்றிக்கொண்டு வந்த லொறி, இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் லயத்துக்கு மேலே ரோட்டில் நின்றது. மூட்டைகளுக்கு மேலேயிருந்து ஒரு செம்பட்டை நாய் இறங்கிப் புல்லை மோந்து பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் லொறி போய்விட்டது. லொறி மறைந்த வளைவையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றது. பிறகு, வேறு இடமே கிடைக்காதது போல, எங்கள் காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பில் ஏறிப் படுத்தது.

"ச்சீ, எழும்பிப் போ!" என்று விளக்குமாற்றைத் தூக்கினேன்.

"இருக்கட்டும் விடு புள்ள. மழை விட்டதும் போயிரும்" என்றார் வீட்டுக்காரர்.

எங்கள் பக்கத்தில் மழை எப்போது விட்டது? நாய் இருந்துவிட்டது.

என் மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டிப் பேசுவாள். அந்த ஞாயிறு நாய் தன் வாலைப் பிடிக்கச் சுற்றிச் சுற்றி விழுந்ததையும், அதைப் பார்த்து அவள் அப்பா வாய்விட்டுச் சிரித்ததையும் சொன்னேன். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்ததே அன்றைக்குத்தான்.

"அப்பா சிரிச்சாரா? அம்மா, அப்ப அந்த நாய்க்கு ஏதாச்சும் வெளையாட்டுப் பழக்குங்க. அவரு பாத்துக்கிட்டாவது இருப்பாரு. இங்க எங்க வீட்டு நாய்க்கு பாடம் சொல்லிக்குடுக்க ஒரு மாஸ்டர் வாராரு."

"நாய்க்கு டியூசனா? ஒனக்கே நாங்க வைக்கலையேடி!"

அவள் சிரித்துவிட்டு, மாஸ்டர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததை எல்லாம் சொன்னாள். இடுப்பில் ஒரு சின்னப் பை கட்டிக்கொண்டு வருவாராம். அதற்குள் நாய்க்குப் பிடித்த தீனி, நகத்தளவு துண்டுகளாக. பெரிய துண்டு கொடுத்தால் நாய் மென்றுகொண்டே பாடத்தை மறந்துவிடும். ஒரு வேலைக்கு ஒரே சொல்தான். சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே தீனி வாயில் விழ வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. செய்யாவிட்டால் அடிக்கக்கூடாது, திட்டவும் கூடாது. தீனி இல்லை, அவ்வளவுதான். அதற்கு அலுத்துப்போவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

"திட்டாம நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்குடுத்ததில்லடி, ஒன்னையும் சேத்து" என்றேன்.

"அதான் எனக்கு ஒண்ணும் வரல" என்றாள் வாயாடி.

மறுநாள் மலையிலிருந்து வந்ததும் தொடங்கினேன். ரொட்டித் துண்டைக் காட்டினேன். நாய் என்னைப் பார்த்தது, ரொட்டியைப் பார்த்தது, கொட்டாவி விட்டது. தினமும் மிச்ச ரொட்டி தின்கிற நாய்க்கு ரொட்டி என்ன பரிசு? உள்ளே போய்க் கருவாட்டுத் தலையை நெருப்பில் வாட்டி நுணுக்கிக்கொண்டு வந்தேன். அப்போது பார்க்க வேண்டும் அதன் கண்ணை! மூக்குக்கு மேலே கருவாட்டைப் பிடித்து மெதுவாகப் பின்னால் கொண்டுபோனேன். மூக்கு மேலே போக, பின்பக்கம் தானாகத் தரையில் பட்டது. "உக்காரு" என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்டேன். அன்று முழுக்க என் விரல்களில் கருவாட்டு நாற்றம். ஆனால் அது உட்கார்ந்தது. அடுத்த தடவை கருவாட்டைக் காட்டாமல் சொன்னபோதும் உட்கார்ந்தது. எனக்கு ஏதோ பரீட்சையில் பாஸானது போல இருந்தது.

அதற்குப் பிறகு "சுத்து" என்றால் ஒரு வட்டம் சுற்றும். "படு" என்றால் படுக்கும். "கும்பிடு" என்றால் பின்னங்காலில் குந்தி, முன்னங்கால் இரண்டையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு நிற்கும். கும்பிடு பழக்கத்தான் நாளாகியது; எத்தனையோ தடவை மல்லாக்க விழுந்தது. அது விழும்போதெல்லாம் இஸ்தோப்பில் அவர் உட்காருகிற வாங்கிலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் "கும்பிடு, கும்பிடு" என்று கத்திக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து, மழைக்குப் போர்த்திய படங்கோடு வருகிற பெண்கள்கூட எங்கள் வாசலில் நின்று, "அக்கா, கும்பிடச் சொல்லுங்களேன்" என்பார்கள். வெள்ளிக்கிழமைதான் தொல்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கருவாடு எடுக்க மாட்டோம். அவித்த கடலையைக் கொடுத்துப் பார்த்தேன். கும்பிட்டது, கடலையை வாயில் வாங்கியது, என் காலடியில் துப்பியது.

"வெள்ளிக்கெழமை அதுக்கு லீவு குடுத்துரு" என்றார் வீட்டுக்காரர். பார்க்கிறார், பேசவும் செய்கிறார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

அடுத்தது "கை குடு." நாய்க்கு எதிரே குந்திக்கொண்டு என் வலது கையை நீட்டினேன். ஒன்றும் செய்யவில்லை. கருவாட்டை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நீட்டினேன். மோந்தது, நக்கியது, கடைசியில் பொறுமை கெட்டு ஒரு காலைத் தூக்கி என் கையில் போட்டது. உடனே கையைத் திறந்துவிட்டேன். இரண்டு மூன்று நாட்களில் படித்துவிட்டது. சொல்லவேண்டுமா, பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "ஐயோ அக்கா! ஒங்க நாய் பீச்சாங்கையில்ல குடுக்குது!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். இடது கால். எதிரே இருக்கிற என் வலது கைக்கு அதன் இடது கால்தான் கிட்ட என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. லயமே வந்து பார்த்துச் சிரித்தது. பெரியவர்களுக்கு இடது கை நீட்டுகிற நாய் என்று அதற்குப் பட்டமும் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒழுங்காப் பழக்கத் தெரியாட்டி ஏன் பழக்குற?" என்றார். "நம்ம வீட்டுல எவன் பெரிய மனுசனுக்கு எடது கைய நீட்டியிருக்கான்? இங்க கொண்டா அவன."

இப்படித்தான் பாடம் அவர் கைக்குப் போனது. அவர் கைக்கு என்று சொல்கிறேன், கையே வராத மனிதர். முதல் நாளே சிக்கல். அவர் "வலது கை" என்று சொல்ல வேண்டும், நாய் செய்ய வேண்டும், யார் தீனி போடுவது?

"எடது கையால போடுங்களேன். நாய்தானே?"

"நாய்னா என்ன? நம்ம வீட்டுக்கு வந்து இருக்குது. அதுக்குப் பீச்சாங்கையால போடுறதா?"

அதனால் அவர் சொல்வது, நான் போடுவது என்று வைத்தோம். அவர் சொல்லி, அது செய்து, நான் பார்த்துப் போடுவதற்குள் நாய் வேறு எதையோ செய்துகொண்டிருக்கும். கடைசியில் அது அவரைப் பார்ப்பதையே விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. மகள் சொன்னது சரி. பிந்திக் கொடுத்த தீனி வீண். அவருக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "அத இங்க வையி" என்று மடியில் கிடந்த வலது கையைக் கண்ணால் காட்டினார்.

சுருண்ட விரல்களுக்குள் கருவாட்டுத் துணுக்கைத் திணித்தேன். நாய் வந்து மூக்கை நுழைத்தது. உள்ளே போகவில்லை. நக்கத் தொடங்கியது. விரல்களின் இடுக்கில் நாக்கை விட்டுவிட்டு நக்கியது. நான் "ச்சீ" என்று விரட்டப் போனேன்.

"பொறு" என்றார். முகம் மாறியிருந்தது. "நாக்கு சுடுது புள்ள."

"என்ன?"

"சூடா இருக்கு. எனக்குத் தெரியுது."

ஊசி குத்தினாலும் தெரியாத கை அது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாய் தன்பாட்டில் கருவாட்டை எடுத்துத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று தேடியது.

அன்றிலிருந்து ரப்பர் பந்தை யாரும் தேடவில்லை. காலையும் மாலையும் நாய்க்கு வகுப்பு. கருவாட்டை விரலுக்குள் வைப்பேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களைத் திறக்கப் பார்ப்பார். நாய் வெளியிலிருந்து நக்கித் திறக்கப் பார்க்கும். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த விரல்கள் மெல்ல மெல்ல விரியத் தொடங்கின. பெருவிரல் அசைந்த அன்று நான் கோயிலுக்கு ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தேன். போனில் மகளிடம் காட்டினோம். அவள் அழுதாள். எனக்குக் கோபம் வந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

வலது கால் பாடம் மட்டும் துளியும் நகரவில்லை. "வலது கை" என்பார். நாய் இடது காலைத் தூக்கும். தீனி இல்லை. நாய் யோசிக்கும். உட்காரும். எழும்பிச் சுற்றும். படுக்கும். கும்பிடும். தெரிந்த வித்தை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு பெருமூச்சோடு மறுபடியும் இடது காலையே நீட்டும். "மரமண்டை" என்று திட்டுவார். திட்டக்கூடாது என்று நான் சொல்வேன். "நீ பேசாத, நீ குடுத்த பழக்கம்" என்பார். சண்டை போடுகிறோம் என்பதே எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஆனால் சாப்பாடு மட்டும் பழையபடிதான். சாத்திய கதவு, நான் ஊட்டுவது, பகல் சோறு அப்படியே. "கை வரட்டும், அப்பறம் நானே திங்கிறேன்" என்பார். கை வந்துகொண்டுதானே இருக்கிறது என்று நானும் நம்பினேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மிஸ் விரல்களை விரித்துப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நாயைப் பற்றிச் சொன்னதும் வாய் பொத்திச் சிரித்தாள். பிறகு முழங்கையையும் தோளையும் தூக்கிப் பார்த்தாள். ஒரு காலிக் கோப்பையைக் கொடுத்து வாய்க்குக் கொண்டுபோகச் சொன்னாள். பாதி வழியில் கை நடுங்கிக் கீழே விழுந்துவிட்டது. மறுபடியும் சொன்னாள். மறுபடியும் விழுந்தது. டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பொருள்களைப் பிடிக்கலாம், சின்னச் சின்ன வேலை செய்யலாம், வாய்வரை தூக்குகிற பலம் இனி வருமென்று சொல்வதற்கில்லை என்று டொக்டர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நாய் ரோட்டுக்கே ஓடி வந்தது. இவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாங்கிலில் உட்கார்ந்ததும் எதிரே குந்தி, யாரும் கேட்காமலே கும்பிட்டது.

"இன்னைக்கு இல்லடா" என்றார்.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஊட்டினாலும் இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. நான் கத்தினேன், கெஞ்சினேன், தட்டைத் தூக்கிப் போடுவது போலக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்த மனிதர் இப்படியே போய்விடப் போகிறார் என்ற நினைப்போடு வேலைக்குப் போய் வந்தேன்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டு, மலையில் நிற்க முடியாமல் பகலுக்கு முன்னாலேயே எங்களை இறக்கிவிட்டார்கள். லயத்துக்குப் பின்பக்கப் பாதையால் வந்தேன். எங்கள் பின்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நின்றேன்.

அடுப்படியில் பலகையில் உட்கார்ந்திருந்தார். எதிரே நாய். நடுவில் நான் காலையில் மூடிவைத்துவிட்டுப் போன ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்.

"கை குடு" என்றார். வலது கை என்று சொல்லவில்லை. நாய் அதே இடது காலைத் தூக்கியது. அவர் தன் இடது கையால் அதைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு அதே கையால் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து நாயின் வாயில் வைத்தார்.

"இது ஒனக்கு" என்றார். இன்னொரு துண்டு பிய்த்தார். சம்பலில் தொட்டார். பாதி சம்பல் தரையில் சிந்தியது. தன் வாயில் வைத்தார். "இது எனக்கு."

கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கினார். நாயின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, "அவகிட்ட மூச்சு விட்றாத" என்றார்.

தலையில் படங்கோடு நான் மழையில் நின்றேன். எனக்கு நாக்கு நீளம், தோட்டத்துக்கே தெரியும். நினைத்ததைச் சொல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லை. அன்றைக்குச் சத்தம் போடாமல் பின்னால் நடந்தேன். ரோட்டு வளைவுவரை திரும்பிப் போய், அங்கே மழையிலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி இருமிக்கொண்டு முன்வாசலால் வந்தேன். அவர் வாங்கிலில் இருந்தார். இடது கை தோள் துண்டுக்குள் இருந்தது. மீசையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. நான் எதையும் பார்க்காதது போல அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் காலையில் ரொட்டியை ஒரு கையால் எடுக்க வசதியாகச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்துவைத்தேன். சம்பலைத் தளரக் குழைத்தேன்.

"இது என்ன?" என்றார்.

"நாய்க்கு. பாடம் சொல்லிக்குடுக்கிறதுக்கு."

"இவ்வளவா?"

"நல்லாப் படிக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் படங்கை எடுத்துக் கட்டத் தொடங்கினேன். எந்த நாயும் அவ்வளவு ரொட்டி தின்னாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மாலையில் தட்டு காலியாக இருந்தது. பிறகு ரொட்டி போய்ச் சோறு வந்தது. "நாய்க்கு" என்று சொல்லி மீன் குழம்பு ஊற்றிவைத்தேன், பருப்பு வைத்தேன், ஒரு நாள் முட்டைகூட வைத்தேன். சட்டை தோளில் நிற்கத் தொடங்கியது. நாய்க்கும் வயிறு வைத்தது. இரவில் கதவைச் சாத்தி நான் ஊட்டுவதும் நிற்கவில்லை. அவர் கேட்பார், நான் ஊட்டுவேன். பகலில் நடப்பது எனக்குத் தெரியாது. அப்படியே வைத்துக்கொண்டோம்.

மாரியம்மன் திருவிழா வந்தது. அன்னதானப் பந்தியில் சோறு போடுவது எங்கள் தோட்டத்தில் எப்போதும் அவர்தான். கோயில்காரர்கள் வீட்டுக்கு வந்து, "நீங்க சும்மா வந்து உக்காருங்கண்ணே, போதும்" என்று கூப்பிட்டார்கள். "பாப்போம்" என்றார். அவர் பார்ப்போம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். நான் அவருக்கு ஒரு பார்சல் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அன்று காலையில் வேட்டி கேட்டார். நான் கட்டிவிட்டேன். நாயை வீட்டில் கட்டிப்போட்டோம். அது ஊளையிட்டது லயம் முழுக்கக் கேட்டது. கோயில் மேடு ஏற அவருக்கு நிறைய நேரம் எடுத்தது. நின்று நின்று ஏறினார். சாமி கும்பிட்டோம். பந்திக்கு உட்கார்ந்தபோது, நான் ஊட்டவேண்டியிருக்கும் என்று ஆண்கள் வரிசையில் அவருக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஓர் இலை போட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் சாத்திய கதவுக்கு என்னதான் மரியாதை!

சோறு வந்தது. சாம்பார் வந்தது. நான் அவருடைய இலைப் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"கைய எடு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வலது கையைத் தூக்கி இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அது அங்கே ஒழுங்காக இருந்தது. பிறகு இடது கையைச் சோற்றில் வைத்தார்.

எங்கள் வரிசையில் பேச்சு நின்றது. பொரியல் வாளியோடு வந்த ஆள் அப்படியே நின்றுவிட்டான். எதிர் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "கோயில்ல இது என்னப்பா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். என் வீட்டுக்காரருடைய கை சோற்றிலேயே இருந்தது. எடுக்கவில்லை, பிசையவும் இல்லை. காது மடல் சிவந்துபோயிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பெரியவரின் பரம்பரையையே இழுத்துப் பேசுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் என்ன சொன்னாலும் இவர் கை இன்னும் தனியாகத்தான் அந்தச் சோற்றில் இருக்கும் என்று தோன்றியது.

என் வலது கையை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இடது கையால் என் இலையில் சோற்றைப் பிசைந்தேன்.

"அக்கா!" என்றாள் அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி.

நான் நிமிரவில்லை. அள்ளினேன். விரல்கள் சொல்வழி கேட்கவில்லை. சாம்பார் முழங்கைவரை ஓடியது. வாய்க்குப் போனது கொஞ்சம், சேலையில் விழுந்தது மிச்சம். இதையா இந்த மனிதர் இத்தனை நாள் ஒரு நாய்க்கு முன்னால் உட்கார்ந்து தனியாகப் பழகினார் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

"என்ன செய்ற நீ?" என்றார்.

"சாப்புடுறேன்."

"எல்லாம் சிந்துது."

"சிந்தட்டும்."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். "அப்புடி அள்ளாத. வெரல நல்லாச் சேத்துக்க. கொஞ்சமா எடு. வாய்க்கிட்ட வந்ததும் பெருவெரலால தள்ளு. இந்தா, இப்புடி" என்று அவர் ஒரு வாய் எடுத்துக் காட்டினார். ஒரு பருக்கை விழவில்லை. எல்லோருக்கும் முன்னால், நிமிர்ந்து உட்கார்ந்து மென்றார். நான் அதே மாதிரி எடுத்தேன். கொஞ்சம் சரியாக வந்தது. "ம், அப்புடித்தான்" என்றார்.

எதிர் வரிசைப் பெரியவர் குனிந்து தன் இலையைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார். பொரியல் வாளி நகர்ந்தது. பேச்சு மறுபடியும் எழும்பியது. நான் இன்னும் முதல் பிடிச் சோற்றோடு போராடிக்கொண்டிருந்தபோது அவருடைய இலை காலியாகிவிட்டது. அவர் இடது கையை உயரத் தூக்கி, பந்தி முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"இங்க இன்னுங் கொஞ்சம் சோறு கொண்டாங்க!"